வைக்கோலுக்குள் பூட்டிய சர்க்கரை

மாணவர்களே, பண்டார் பாருவிலிருந்து கிரியான் ஆற்றைக் கடந்தால் பாரிட் புந்தார். அதைச் சுற்றிலும் வயல்கள். 1906ஆம் ஆண்டு நிறைவடைந்த கிரியான் பாசனத் திட்டம் இன்றும் இந்த நிலங்களுக்குத் தண்ணீர் தருகிறது. அறுவடை முடிந்ததும் நெல் ஆலைக்குப் போய்விடும்; வைக்கோல் வயலிலேயே கிடக்கும். ஒரு டன் நெல் விளைந்த இடத்தில் ஏறத்தாழ ஒரு டன் வைக்கோலும் விளைந்திருக்கும். அதில் கொஞ்சம் மாட்டுக்குப் போகும். கொஞ்சம் மண்ணோடு உழப்படும். சில இடங்களில் தீ வைத்து எரித்து விடுகிறார்கள். புகைதான் மிச்சம்.

அந்த வைக்கோலிலிருந்து வாகனங்களுக்கான எரிபொருள் தயாரிக்கலாம் என்றால் நம்புவீர்களா? அதன் பெயர் எத்தனால். வேதியியல் பாடத்தில் 'பெனாப்பாயான்' என்று படிக்கிறீர்களே, அந்த நொதித்தல் முறையில் கிடைக்கும் அதே எத்தனால்தான். வழி தெரிந்திருந்தும் உலகம் ஏன் இன்னும் வைக்கோலை எரித்துக்கொண்டிருக்கிறது? அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

எல்லாம் ஒரே குடும்பம்

நெல், கரும்பு, சோளம், மூங்கில், லாலான் எல்லாமே புல் குடும்பத்தைச் சேர்ந்தவை. 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையிலும் கிரியானிலும் பெரிய கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் வேலை செய்யத்தான் தமிழர்கள் பலர் சஞ்சிக்கூலிகளாகக் கப்பலேறி வந்தார்கள். ரப்பர் வந்து கரும்பின் இடத்தைப் பிடித்தது அதற்குப் பிறகுதான். ஆக, நம் முன்னோர் பலரை இந்த வட்டாரத்துக்கு அழைத்து வந்ததே ஒரு புல்தான்!

கரும்பிலிருந்து எத்தனால் எடுப்பது எளிது. சாற்றில் சர்க்கரை தயாராக இருக்கிறது. ஈஸ்ட்டைச் சேர்த்தால் போதும். பிரேசில் 1975ஆம் ஆண்டு முதல் இதை நாட்டுத் திட்டமாகவே செய்து வருகிறது. அமெரிக்கா மக்காச்சோள மாவிலிருந்து எடுக்கிறது. ஆனால், இவை இரண்டும் மனிதன் சாப்பிடக்கூடியவை. வயிற்றுக்குப் போக வேண்டியதை வண்டிக்கு ஊற்றலாமா என்ற கேள்வி எழுகிறது. வைக்கோலுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

பூட்டும் சாவியும்

வைக்கோலிலும் சர்க்கரை உண்டு. ஆனால் பூட்டிக் கிடக்கிறது. குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோத்துக்கொண்டால் செல்லுலோஸ் உருவாகிறது. நாம் சாப்பிடும் சோற்றிலுள்ள மாவுச்சத்தும் குளுக்கோஸ் சங்கிலிதான். கண்ணிகள் இணையும் விதம் மட்டும் வேறு. அந்தச் சிறு வேறுபாட்டால்தான் சோறு நமக்குச் செரிக்கிறது, வைக்கோல் செரிப்பதில்லை. மாட்டின் வயிற்றில் வாழும் நுண்ணுயிரிகளுக்கு அந்தச் சங்கிலியை உடைக்கத் தெரியும்.

ஒரு கான்கிரீட் தூணை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி செல்லுலோஸ். கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் மெல்லிய கம்பி ஹெமிசெல்லுலோஸ். எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும் சிமெண்டு லிக்னின். இந்தத் தூணை ஆலையில் நான்கு படிகளில் உடைக்கிறார்கள்.

முதலில், வைக்கோலை நறுக்கி, அழுத்தமான நீராவியிலோ நீர்த்த அமிலத்திலோ வேகவைத்து லிக்னினின் பிடியைத் தளர்த்துகிறார்கள். இரண்டாவதாக, செல்லுலேஸ் என்ற நொதியைச் சேர்த்துச் சங்கிலியைக் குளுக்கோஸாக வெட்டுகிறார்கள். மூன்றாவதாக, ஈஸ்ட் அந்தக் குளுக்கோஸை எத்தனாலாக மாற்றுகிறது. 180 கிராம் குளுக்கோஸிலிருந்து அதிகபட்சம் 92 கிராம் எத்தனால் கிடைக்கும். மீதி 88 கிராம் கரியமில வாயுவாகப் போய்விடும். கடைசியாக, வடித்தெடுத்தல். எத்தனால் 78 பாகை செல்சியஸில் கொதிப்பதால் தண்ணீரிலிருந்து அதைப் பிரிக்க முடிகிறது.

இரண்டாம் படியில் வரும் நொதிக்கு ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் தீவுகளில் அமெரிக்க இராணுவத்தின் பருத்திக் கூடாரங்கள் மட்கி உதிர்ந்தன. பருத்தி என்பது கிட்டத்தட்ட முழுவதும் செல்லுலோஸ். அதை அரித்துத் தின்ற பூஞ்சைகளில் ஒன்று, சாலமன் தீவுகளில் எடுக்கப்பட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அதை ஆராய்ந்த எல்வின் ரீஸ் என்பவரின் பெயரால் இன்று அது ட்ரைக்கோடெர்மா ரீசெய் எனப்படுகிறது. கூடாரத்தை அழித்த எதிரிதான் இப்போது வைக்கோலின் பூட்டைத் திறக்கும் சாவி.

ஆலைகள் சொல்லும் கணக்கு

வட இந்தியாவில் அறுவடைக்குப் பின் எரிக்கப்படும் வைக்கோலின் புகை ஆண்டுதோறும் டில்லியைத் திணறடிக்கிறது. அதற்கு ஒரு மாற்றாக, ஹரியானா மாநிலத்தின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் அமைத்த ஆலை 2022 ஆகஸ்டு 10ஆம் தேதி திறந்து வைக்கப்பட்டது. ஆண்டுக்கு 200,000 டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது திட்டம். வகுத்துப் பாருங்கள்: ஒரு டன்னுக்கு 150 லிட்டர். ஒரு லிட்டர் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே அது 100 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். 4 லிட்டர் பிடிக்கும் மோட்டார் சைக்கிள் தொட்டியை 25 முறை நிரப்பலாம்.

அசாம் மாநிலத்தின் நுமாலிகரில் 2025 செப்டம்பரில் தொடங்கி வைக்கப்பட்ட ஆலை, மூங்கிலிலிருந்து எத்தனால் எடுப்பதற்காகவே கட்டப்பட்டது.

ஆனால், தோற்றுப்போன ஆலைகளும் உண்டு. டுபோண்ட் நிறுவனம் அமெரிக்காவின் அயோவாவில் 2015ஆம் ஆண்டு மக்காச்சோளத் தட்டைக்காகத் திறந்த பெரிய ஆலை இரண்டே ஆண்டுகளில் கைவிடப்பட்டது. ருமேனியாவில் கோதுமை வைக்கோலுக்காகக் கட்டப்பட்ட கிளாரியண்ட் ஆலையும் 2023ஆம் ஆண்டு மூடப்பட்டது. இத்தகைய ஆலைகளுக்குத் தலைவலி பெரும்பாலும் ஒன்றேதான்: மண்ணும் கல்லும் கலந்து வரும் மூலப்பொருள், நொதியின் விலை, பெட்ரோலோடு போட்டி போட முடியாத உற்பத்திச் செலவு.

நம் வயலுக்கு வருமா?

வைக்கோல் கனம் குறைவு, பருமன் அதிகம். லோரியில் எடை ஏறுவதற்கு முன்பே இடம் நிரம்பிவிடும். நம் ஊரில் மழை வேறு. நனைந்த வைக்கோல் சில நாளிலேயே மட்கத் தொடங்கும். சேற்று வயலில் இயந்திரம் புதையும். முழுவதையும் அள்ளிக்கொண்டு போனால் மண்ணுக்குத் திரும்ப வேண்டிய பொட்டாசியம் போன்ற சத்துகளும் கூடவே போய்விடும். எவ்வளவு எடுக்கலாம், எவ்வளவு விட வேண்டும் என்று கணக்குப் போட்டாக வேண்டும்.

இங்கேதான் தோட்டப்புற மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செம்பனை புல் இல்லை. ஆனாலும், பழம் உதிர்த்த வெறும் குலைகளிலும் இதே செல்லுலோஸ்தான் இருக்கிறது. அந்தக் குலைகளை யாரும் தேடிப்போய்ப் பொறுக்க வேண்டியதில்லை; பழத்தோடு சேர்ந்து அவையே ஆலைக்கு வந்துவிடுகின்றன. வேதியியல் ஒன்றாக இருந்தாலும், பொருளை எங்கே சேகரிப்பது என்பதே ஒரு திட்டத்தின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கக்கூடும்.

செய்து பாருங்கள்

ஆசிரியர் முன்னிலையில் மூன்று புட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் வெதுவெதுப்பான நீரும் ஒரு தேக்கரண்டி ஈஸ்ட்டும் போடுங்கள். முதல் புட்டியில் இரண்டு தேக்கரண்டி சீனி, இரண்டாவதில் பொடியாக நறுக்கிய வைக்கோல், மூன்றாவதில் வேறு எதுவும் வேண்டாம். மூடி போடாமல் வாயில் பலூனை மட்டும் மாட்டி ஒரு மணி நேரம் காத்திருங்கள். புட்டியில் உள்ளதைக் குடிக்கக் கூடாது.

எந்தப் பலூன் உப்பியது? வைக்கோல் புட்டியின் பலூன் ஏன் மூன்றாவது புட்டியின் பலூனைப் போலவே இருக்கிறது? வைக்கோலை முதலில் தண்ணீரில் கொதிக்க வைத்தால் மட்டும் பூட்டு திறந்துவிடுமா? மேலே சொன்ன நான்கு படிகளில் எது விடுபடுகிறது என்று எழுதி, அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.