இரண்டு தாத்தாக்களும் ஓர் எல்லைக்கல்லும்

முப்பத்துமூன்று வருஷம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வானூர் வட்டத்தில் என் சங்கிலி படாத கிராமம் குறைவு. கோட்டக்குப்பத்தில் பஸ் ஏறிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் பொம்மையார்பாளையம் வரை தமிழ்நாடு. அடுத்து காலாப்பட்டு, அது புதுச்சேரி. கணபதிசெட்டிகுளம் தாண்டினால் மறுபடியும் தமிழ்நாடு. பஸ்ஸில் கண்ணயர்ந்தவருக்கு இது எதுவும் தெரியப்போவதில்லை. முந்திரித் தோப்புக்குள் இறங்கிச் சருகைக் காலால் ஒதுக்கினால்தான் கல் தெரியும். முழங்கால் உயரம், ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், தலையில் உளியால் கொத்திய கூட்டல் குறி. 1954 வரை அந்தக் கல்லுக்கு ஒரு பக்கம் இந்தியா, மறு பக்கம் பிரெஞ்சு ராஜ்யம்.

என் அம்மா கல்லுக்கு அந்தப் பக்கம், முத்தியால்பேட்டை. அப்பா இந்தப் பக்கம், கிளியனூரை ஒட்டிய ஊர். 1953 தை மாதம் கல்யாணம். பிரெஞ்சிந்தியாவுடன் இருந்த சுங்க உடன்பாடு 1949-ல் முறிந்த பிறகு எல்லையெங்கும் சாவடி போட்டிருந்தார்கள். அந்தப் பக்கமிருந்து தங்கம் கடத்தி வருவது மலிந்திருந்த காலம். பெண் வீட்டு வண்டியை நிறுத்தி, அம்மாவின் சங்கிலியையும் வளையலையும் கழற்றச் சொல்லித் தராசில் வைத்து எடை எழுதிக்கொண்டார்களாம். "கல்யாணப் பொண்ணு மூளிக் கழுத்தோட ரோட்ல நின்னேண்டா" என்று சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கல்யாணத்தில் அவளுக்கு இன்னொரு குறையும் உண்டு. இரண்டு சம்பந்திகளும் ஒரே பந்தியில் உட்காரவில்லை. அப்பாவின் அப்பா காங்கிரஸ்காரர், கதரைத் தவிர வேறு துணி உடுத்தாதவர். எங்களுக்குக் கதர்த் தாத்தா. அம்மாவின் அப்பா புதுச்சேரி மில்லில் நெசவுப் பகுதி, செங்கொடிச் சங்கம். மில்லுத் தாத்தா. வெள்ளைக்காரன் போக வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே மனசு. போன பிறகு நாற்காலி யாருக்கு என்பதில்தான் தகராறு.

அந்தத் தகராறைப் புரிந்துகொள்ள நான் சீனா வரைக்கும் போக வேண்டியிருந்தது. வழி காட்டியவர்களும் அவர்களே. 1942 பிப்ரவரியில் சீனத் தேசியத் தலைவர் சியாங் கை ஷேக் இந்தியா வந்து கல்கத்தாவில் காந்தியைப் பார்த்தார். அதற்கு மூன்று வருஷம் முன்பே நேரு சுங்கிங் போய் அவரைச் சந்தித்திருந்தார். ஆகவே கதர்த் தாத்தாவுக்கு சியாங் 'நம்ம ஆள்'. 1949 அக்டோபர் 1-ஆம் தேதி பெய்ஜிங்கில் கம்யூனிஸ்ட் தலைவர் மாவோ மக்கள் குடியரசை அறிவித்த செய்தியை டீக்கடையில் யாரோ பத்திரிகையிலிருந்து படித்துக் காட்ட, மில்லுத் தாத்தா அங்கிருந்த அத்தனை பேருக்கும் தன் செலவில் டீ வாங்கிக் கொடுத்தாராம்.

சீனக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1911-ல் கிளம்பிய புரட்சியில் மன்னராட்சி வீழ்ந்தது. ஆனால் நாடு ஒரு கைக்குள் வரவில்லை. படை வைத்திருந்தவனெல்லாம் ஒரு மாகாணத்துக்கு ராஜா. நாட்டை ஒன்றாக்கப் புறப்பட்டது சன் யாட் சென்னின் கோமிங்டாங் என்ற தேசியக் கட்சி. 1921-ல் ஷாங்காயில் ஒரு டஜன் பேரோடு தொடங்கியது கம்யூனிஸ்ட் கட்சி. ரஷ்யாவின் யோசனைப்படி 1924-ல் இரண்டும் கைகோத்தன. வாம்போவா ராணுவப் பள்ளிக்கு சியாங் தலைவர், அங்கேயே அரசியல் பாடத்துக்குப் பொறுப்பு சூ என் லாய். ஒரே மைதானத்தில் பயிற்சி எடுத்தவர்கள்தான் பின்னால் இருபது வருஷத்துக்கு மேல் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். 1925-ல் சன் யாட் சென் இறந்தார். 1927 ஏப்ரல் 12 அதிகாலை, ஷாங்காயில் தன்னை வரவேற்ற தொழிற்சங்கத்தார் மீதே சியாங் ஆட்களை ஏவினார். அன்று விழுந்த வெட்டு ஆறவே இல்லை. 1934-ல் தெற்கிலிருந்து துரத்தப்பட்ட கம்யூனிஸ்டுகளின் செஞ்சேனையில் எண்பதாயிரம் பேருக்கு மேல் நடந்து புறப்பட்டார்கள். ஒரு வருஷம் கழித்து வடக்கே ஷான்சிக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் சில ஆயிரம்தான்.

இதற்குள் ஜப்பான் மஞ்சூரியாவை விழுங்கிவிட்டது. வீட்டுக்குள் திருடன் நிற்க, அண்ணன் தம்பி அடித்துக்கொள்வதா என்று சியாங்கின் தளபதிகளுக்கே பொறுக்கவில்லை. 1936 டிசம்பர் 12-ஆம் தேதி சியான் நகரில் அவர்களே அவரைப் பிடித்து அடைத்துவைத்தார்கள். பேச்சுவார்த்தைக்குக் கம்யூனிஸ்ட் தரப்பிலிருந்து வந்தவர் பழைய வாம்போவா சகா சூ என் லாய். அடுத்த வருஷம் மறுபடியும் கூட்டணி. பெயருக்குத்தான்.

அதே 1936-ல்தான் புதுச்சேரியில் ரத்தம் சிந்தியது. மில்லில் விடிவதற்கு முன் சங்கு ஊதும், இருட்டிய பிறகு விடுவார்கள். கல்லுக்கு இந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் ஆட்கள் கூழைக் கட்டிக்கொண்டு நடந்து போவார்கள். 1934-ல் காந்தியைப் புதுச்சேரிக்கு அழைத்து வந்து, அதே வருஷம் 'சுதந்திரம்' பத்திரிகையைத் தொடங்கிய வ. சுப்பையா இந்தத் தொழிலாளர்களைத் திரட்டினார். சங்கம் வைக்கும் உரிமையும் எட்டு மணி நேர வேலையும் கேட்டுப் போராடினார்கள். ஜூலை 30 அன்று சவானா மில்லில் பிரெஞ்சுப் படை சுட்டது. பன்னிரண்டு பேர் இறந்தார்கள். மில்லுத் தாத்தா அந்த நேரம் வெளியே இருந்ததால் பிழைத்தவர். அந்த நாளைப் பற்றிக் கேட்டால் வாய் திறக்க மாட்டார். ஆனால் ஒவ்வொரு ஜூலை 30-க்கும் வேலைக்குப் போகாமல் காலையிலேயே தலை முழுகிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார், செத்தவர்கள் பங்காளிகள் என்பதுபோல. 1937-ல் புதிய தொழிலாளர் சட்டம் வந்தது, எட்டு மணி நேர வேலை கிடைத்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் பிரிட்டிஷ் இந்தியாவில் அப்போது அந்த உரிமை கிடையாது. அந்தப் பன்னிரண்டு பேர் வாங்கிக் கொடுத்தது அது. இந்தப் பகுதியில் வேலைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

1946-ல் சுப்பையாவின் தேசிய ஜனநாயக முன்னணி பிரெஞ்சிந்தியத் தேர்தலில் வென்றது. மறுவருஷம் அவர் பிரான்சின் மேலவைக்குப் போனார். முன்னணி அதற்குள் உடைந்தது. பிரெஞ்சுத் தந்தை வழியும் தமிழ்த் தாய் வழியும் கலந்த குடும்பத்தில் பிறந்த எதுவார் குபேர், பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்கினார். பிரெஞ்சு நிர்வாகத்தின் நிழலில் வளர்ந்த கட்சி. 1948 நகராட்சித் தேர்தலில் கொம்யூன் எனப்படும் நகராட்சிகள் ஒவ்வொன்றாக அவர்கள் கைக்குப் போயின. அடியாட்கள் ஆட்டம் போட்டார்கள். 1950-ல் சுப்பையாவின் வீட்டைக் கொளுத்தினார்கள். இந்தியாவோடு இணைப்பு வேண்டும் என்று பேசிய காங்கிரஸ்காரர்களுக்கும் அடி. அவர்கள் கல்லைத் தாண்டி இந்தப் பக்கம் ஓடி வந்தார்கள். சென்னை மாகாணத்தில் கம்யூனிஸ்டுகளைப் போலீஸ் தேடிய நாட்களில் தோழர்கள் கல்லைத் தாண்டி அந்தப் பக்கம் போனார்கள். பாரதி 1908-ல் தாண்டிய அதே எல்லைதான். ஷான்சியின் மலைக்குகைகள் மாவோவுக்கு என்னவோ, அதுதான் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இந்தக் கல்.

சீனச் சண்டையின் முடிவு எங்கள் ஊர்த் தலையெழுத்தையும் தொட்டது என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். 1949-ல் தோற்ற கோமிங்டாங் படையில் ஒரு பகுதி பிரெஞ்சு இந்தோசீனாவுக்குள் ஓடியது. முப்பதாயிரம் பேர் வரை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து ஃபூகுவோக் தீவில் வைத்திருந்தார்கள். எல்லை வரை மாவோவின் ஆட்சி வந்துவிட்டதால், 1950 முதல் வியட்நாமின் ஹோ சி மின் படைக்கு ஆயுதம் தடையில்லாமல் போயிற்று. 1954 மே 7 அன்று பிரெஞ்சுக் கோட்டை தியன் பியன் பூ விழுந்தது. சைகோனில் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து வந்த எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், "அங்க விழுந்த கோட்டைதான்டா இங்க நம்ம கதவைத் தொறந்துச்சு" என்பார். ஜூன் மாதம் பிரெஞ்சுப் பிரதமரான மெந்தெஸ் பிரான்ஸ் இந்தோசீனாவை முடித்த கையோடு புதுச்சேரியையும் முடித்தார்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று குபேர் முன்கூட்டியே கண்டுகொண்டார். பிரெஞ்சுக்காரர்களுடன் மனக்கசப்பும் சேர்ந்துகொள்ள, 1954 மார்ச்சில் மறு பக்கம் திரும்பினார். அந்த மாதக் கடைசியில் நெட்டப்பாக்கத்தில் தேசியக் கொடி ஏற்றினார். ஒரு வாரத்தில் கம்யூனிஸ்டுகள் திருபுவனையைப் பிடித்தார்கள். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தபோது மஞ்சூரியாவை யார் முதலில் பிடிப்பது என்று செஞ்சேனை நடந்தும், சியாங் படை அமெரிக்கக் கப்பலிலும் விமானத்திலும் போனதே, அதே ஓட்டம்தான் எங்கள் வயல் வரப்புகளிலும் நடந்தது.

அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் வாக்கெடுப்பு. மக்களைக் கேட்காமல் நிலத்தை விட்டுக்கொடுக்க பிரெஞ்சு அரசியல் சட்டம் இடம் தராது. மக்களுக்குப் பதில் அவர்களுடைய பிரதிநிதிகளைக் கேட்டார்கள். 178 பேர். இணைப்புக்கு 170, எதிராக 8. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. அந்தப் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் குபேர் கட்சியின் கை ஓங்கியிருந்த காலத்தில் பதவிக்கு வந்தவர்கள். மில்லுத் தாத்தா கடைசி வரை சொன்னது இதைத்தான்: "சுட்டப்ப நாங்க நின்னோம். ஓட்டுப் போட்டப்ப எங்க ஆளுங்க எத்தன பேரு சம்பந்தி உள்ள இருந்தாங்க?" கதர்த் தாத்தா இதற்குப் பதில் சொன்னதில்லை.

என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒன்று உண்டு. ஆட்சி யாருடையது என்பதைப் படை தீர்மானிப்பதற்கு முன்பே ஏதோ ஒரு பதிவேடு தீர்மானித்துவிடுகிறது. புதுச்சேரியில் அது கொம்யூன் உறுப்பினர் பட்டியல். சீனாவில் நிலப் பதிவேடு. ஜப்பான் சரணடைந்த பிறகு உள்நாட்டுப் போர் மறுபடி தொடங்கியபோது சியாங்கிடம்தான் படை அதிகம், அமெரிக்க ஆயுதமும் இருந்தது. ஆனால் ஊருக்குள் குத்தகைக்காரன் விளைச்சலில் பாதியை நிலக்காரனுக்கு அளந்தான். நகரத்தில் 1948-ல் அச்சடித்த புதுப் பணம் சில மாதங்களில் காகிதமாயிற்று. கம்யூனிஸ்டுகள் 1947 அக்டோபரில் நிலச் சட்டம் போட்டு, பழைய பத்திரங்களைக் கொளுத்தி, உழுகிறவன் பெயரில் நிலத்தை எழுதினார்கள். எழுதி வாங்கியவன் மகனைப் படைக்கு அனுப்பினான். ஒரு பட்டாவுக்காக வருஷக்கணக்காக என் பின்னால் அலைந்த விவசாயிகளின் முகம் எனக்குத் தெரியும். அது எப்பேர்ப்பட்ட பலம் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தப் பங்கீட்டில் நிலக்காரர்களை லட்சக்கணக்கில் கொன்றார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். கொடுத்த நிலத்தைச் சில வருஷத்தில் கம்யூன் என்று திரும்ப வாங்கிக்கொண்டதும், அடுத்து வந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கானவர்கள் மடிந்ததும் நடந்தவைதான். மில்லுத் தாத்தா இதை ஒத்துக்கொண்டதே இல்லை. எனக்கு அவர் மேல் உள்ள ஒரே வருத்தம் அது. சொல்ல வேண்டியது இன்னொன்றும் உண்டு. தோற்றுத் தைவானுக்கு ஓடிய சியாங்கின் அரசு அங்கே செய்த முதல் வேலைகளில் ஒன்று, குத்தகையை விளைச்சலில் நூற்றுக்கு 37.5 பங்குக்கு மேல் போகாமல் கட்டியது. 1953-ல் உழுகிறவனுக்கே நிலம் என்று சட்டமும் போட்டது. அதைத் தாய்நாட்டிலேயே செய்திருந்தால் கடல் தாண்டியிருக்க வேண்டாம்.

குபேர் 1963-ல் புதுச்சேரி முதலமைச்சரானார். சுப்பையா 1969-ல் அமைந்த மந்திரிசபையில் அமைச்சராக இருந்தார். இன்று கடற்கரைச் சாலைக்குக் குபேர் பெயர், ரயில் நிலையச் சாலைக்குச் சுப்பையா பெயர். இணைப்புக்குப் பிறகு எங்கள் பக்கம் தோற்றவன் ஊரை விட்டு ஓட வேண்டியிருக்கவில்லை. அடுத்த தேர்தல் வரை காத்திருந்தால் போதும்.

ஓட வேண்டி வந்த ஒரு சமயம் உண்டு, அது 1962. அக்டோபரில் சீனப் படை எல்லை தாண்டியது. நவம்பரில் ஊர் ஊராகக் கம்யூனிஸ்டுகளைப் பிடித்தார்கள். எனக்கு ஏழு வயசு. ஒரு ராத்திரி மழையில் நனைந்தபடி மில்லுத் தாத்தா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கதர்த் தாத்தா அவரை மேலும் கீழும் பார்த்தார். "உள்ள வாங்க சம்பந்தி, ஈரத்தோட நிக்காதீங்க" என்றார். தன் வேட்டியையே எடுத்துக் கொடுத்தார். கதர் வேட்டி.

பத்து நாள் முந்திரித் தோப்புக் குடிசையில் இருந்தார் மில்லுத் தாத்தா. கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும் தூக்குவாளியில் கொண்டுபோவது என் வேலை. ஒரு சாயங்காலம் போனபோது இரண்டு பேரும் குடிசை வாசலில் குந்தியபடி சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கதர்த் தாத்தா ஒரு குச்சியால் ஈரச் செம்மண்ணில் நீளமாகக் கோடு இழுத்து, "இதுதான் மக்மகன் கோடு, மலை உச்சி. இதுக்கு இந்தப் பக்கம் ஒரு பிடி மண்ணுகூட அவனது கிடையாது" என்றார். மில்லுத் தாத்தா காலை நீட்டி அதை அழித்தார். "வெள்ளைக்காரன் போட்ட கோடு சம்பந்தி. நம்ம ரெண்டு பேர் வீட்டுக்கும் நடுவுல போட்டானே, அதுமாதிரி." கதர்த் தாத்தா ஒன்றும் பேசாமல், அழித்த இடத்திலேயே மறுபடி இழுத்தார். தூக்குவாளியை இறக்கி வைக்காமல் நான் நின்றுகொண்டே இருந்தேன்.