பட்டை அமிலமும் ஃபைபர் படகும்

நொச்சிக்குப்பத்தில் கட்டுமரம் அருகிவிட்டது. மெரினா லூப் சாலையை ஒட்டிய மணலில் இன்று கிடப்பவை ஃபைபர் படகுகள். 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்தவை தமிழகக் கரையெங்கும் அவற்றைப் பெருக்கின. மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் என்ன உறவு என்று தோன்றும். வேதியியலில் இரண்டும் சின்னமிக் அமிலத்தின் சொந்தங்கள்.

பிரியாணிக்குப் போடும் பட்டையின் மணம் சின்னமால்டிஹைடு. 1834இல் டூமாவும் பெலிகோவும் பட்டை எண்ணெயிலிருந்து அதைப் பிரித்தார்கள். காற்றுப்பட்டு ஆக்சிஜன் ஏறினால் அதுவே சின்னமிக் அமிலமாகும்: ஒரு பென்சீன் வளையம், அதில் தொங்கும் மூன்று கார்பன்கள்.

இது பட்டைக்கு மட்டும் சொந்தமில்லை. ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அம்மோனியாவைக் கழற்றி, நிலத்தாவரங்கள் இதை ஆக்கிக்கொள்கின்றன. அந்த வேலையைச் செய்யும் நொதியை 1961இல் கௌகலும் கானும் பார்லியில் கண்டறிந்தார்கள். மீன் வறுவலுக்குத் தடவும் மஞ்சளின் குர்குமினும், மிளகாய்க் காரத்தின் வளையப் பகுதியும் இதே வழியில் பிறப்பவைதான். மரத்துக்கு உறுதி தரும் லிக்னினும் அப்படியே. கட்டுமரத்தின் எடையில் ஏறக்குறைய கால்பங்கு அதுதான்.

ஃபைபர் படகுக்கு வருவோம். கண்ணாடி இழை விரிப்பின் மேல் பூசும் பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் கலந்திருக்கிறது. ஹார்டனர் சேர்ந்ததும் அது பாலியெஸ்டர் சங்கிலிகளைப் பிணைத்து இறுக வைக்கிறது. 1839இல் பெர்லின் மருந்தாளர் எடுவார்ட் சிமோன், ஸ்டோராக்ஸ் என்னும் மரப்பிசினைக் காய்ச்சி வடித்து ஸ்டைரீனை எடுத்தார். சின்னமிக் அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு கழன்றால் மிஞ்சுவதும் ஸ்டைரீனே. இன்றைய ஆலைகள் அதைப் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கின்றன.

முடிவில்தான் இரண்டும் பிரிகின்றன. லிக்னினைச் சிதைக்கும் பூஞ்சைகளை இயற்கை வைத்திருக்கிறது. இறுகிய ரெசினை மறுபடி உருக்கவும் முடியாது, மண்ணும் எளிதில் தின்னாது. 2011இல் அரிசோனா ஆய்வாளர்கள், சர்க்கரையைச் சின்னமிக் அமிலம் வழியாக ஸ்டைரீனாக்கும் பாக்டீரியாவை உருவாக்கினார்கள். மூலப்பொருள் பசுமையானாலும் உடைந்த படகு மக்கப்போவதில்லை. அதைத் திரும்பப் பெறும் ஏற்பாடு வேண்டும்.

அதைவிட அவசரம் ஒன்று உண்டு. ஸ்டைரீன் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் வகைப்படுத்தியது. படகுக்கு ஒட்டுப்போடுபவர் காற்றோட்டமான இடத்தில், ஆவியைத் தடுக்கும் கரி வடிகட்டி முகமூடியோடு வேலை செய்யட்டும். துணி முகமூடி அதற்குப் போதாது.