பல்லு டைப் அடிக்குதா பாஸ்?

'சென்னையில ஏதுப்பா குளிரு?'னு கேக்குறவங்க, மார்கழி மாசம் காலையில ஆறு மணிக்கு திருமுல்லைவாயில்ல பைக்கை ஸ்டார்ட் பண்ணி, சி.டி.ஹெச். ரோட்ல பாடி வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து அப்புறம் பேசட்டும். அதுவும் தலைக்குக் குளிச்சிட்டு, மெல்லிசா ஒரு காட்டன் சட்டையோட. அம்பத்தூர் ஓ.டி. தாண்டுறதுக்குள்ள பல்லு டைப் அடிக்க ஆரம்பிச்சிடும். 'ஃபர்ஸ்ட் ஹவர் லேப் பாஸ்'னு விடியறதுக்கு முன்னாடியே கிளம்புற பசங்களுக்கும், டிப்ளமோ முடிச்சுட்டு எஸ்டேட்ல ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பார்த்துக்கிட்டே மேல படிக்கிறவங்களுக்கும் இது நல்லாவே தெரியும்.

தெர்மாமீட்டரை மட்டும் பார்த்தா நம்ம குளிர் ஒரு காமெடி பீஸ்தான். சென்னையில பதிவான பழைய ரெக்கார்டே 1905 ஜனவரியில வந்த 13.9 டிகிரி. சாதாரண ஜனவரி காலையில 20 டிகிரி பக்கம் இருக்கும். கொடைக்கானல் நண்பன்கிட்ட இதைச் சொன்னா, ஃபேன் போட்டுக்கிட்டு படுத்துடுவான். ஆனா, அந்த 20 டிகிரி நுங்கம்பாக்கத்து கணக்கு. கட்டடமும் தார் ரோடும் நெருக்கியடிக்கிற சிட்டி, ராத்திரியெல்லாம் பகல் சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கும். நம்ம பக்கம் அப்படி இல்ல. ஒருபுறம் புழல் ஏரி, இன்னொருபுறம் மழையில நனைஞ்சு இன்னும் காயாத காலி மனைங்க. மேகம் இல்லாத ராத்திரியில தரை சட்டுனு குளிர்ந்துடும், பனி இறங்கும். 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்'னு பாட்டிங்க சொல்றது சும்மா இல்ல. பொங்கலோட ஸ்வெட்டரை மடிச்சு பீரோவுல வெச்சுடாதீங்க. பிப்ரவரி பாதி வரைக்கும் வேலை இருக்கு.

சரி, நின்னுக்கிட்டிருக்கும்போது சுகமா இருக்கிற அதே 20 டிகிரி, வண்டியில ஏறினதும் ஏன் இப்படிக் கடிக்குது? நம்ம தோலை ஒட்டி எப்பவுமே ஒரு சூடான காத்துப் படலம் இருக்கும். அதுதான் இயற்கை கொடுத்த பனியன். நீங்க 50 கிலோமீட்டர் ஸ்பீடுல போனா, காத்தே இல்லாத காலையிலயும் 50 கிலோமீட்டர் வேகத்துல உங்க மேல காத்து அடிக்கிற மாதிரிதான். அந்தப் படலத்தை அது விநாடிக்கு விநாடி உரிச்சுக்கிட்டே போகும். ஆக, பைக்ல நம்ம எதிரி குளிர் இல்ல, காத்து. இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதிச் செலவு மிச்சம்.

ஏன்னா பல பேரு நேரா போயி கம்பளி ஸ்வெட்டர் வாங்குவாங்க. நவம்பர் வந்தா திபெத்தியர்கள் கடை போட்டு விக்கிறாங்களே, அழகழகா, அந்த மாதிரி. அதைப் போட்டுக்கிட்டு கேன்டீன்ல உக்காரலாம், கலக்கலா இருக்கும். பைக்ல போனா, பின்னலுக்கு நடுவுல இருக்கிற ஓட்டை வழியா காத்து விசில் அடிச்சிக்கிட்டு உள்ளே வரும். அதுக்கு மேல காத்து புகாத ஏதாவது ஒண்ணு வேணும். பழைய விண்ட்சீட்டர் போதும். இல்லையா, மழைக்கு வாங்கின ரெயின்கோட் மேல்சட்டை போதும். உள்ளே ஒரு திருப்பூர் பனியன், நடுவுல ஸ்வெட்டரோ முழுக்கை டி-ஷர்ட்டோ, மேல விண்ட்சீட்டர். மொத்தமா ஒரே ஒரு கனமான ஜாக்கெட்டை விட இந்த மூணு அடுக்கு நல்லா வேலை செய்யும். அடுக்குக்கு நடுவுல சிக்கிக்கிற காத்துதான் உங்களைக் காப்பாத்துது. பக்கத்துல ஆவடியில ராணுவத்துக்கு யூனிஃபார்ம் தைக்கிற ஃபேக்டரி இருக்கு இல்லையா (2021-ல இருந்து அது 'ட்ரூப் கம்ஃபர்ட்ஸ்' கம்பெனிக்குக் கீழே வந்துடுச்சு), அங்கே வேலை பார்க்கிற அங்கிள் யாராவது உங்க தெருவுல இருந்தா கேட்டுப் பாருங்க. பனிமலைக்குப் போற சிப்பாய்க்கும் இதே அடுக்குக் கணக்குதான். அடுக்கு கூடும், அவ்வளவுதான்.

அதுக்கும் காசு இல்லையா? பேப்பர் இருக்கு! ரெண்டு முழு ஷீட்டை மடிச்சு சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவுல நெஞ்சுல செருகிக்கோங்க. விடியக்காலை பால் வண்டி ஓட்டுற அண்ணன்கள், பேப்பர் போடுற பசங்கன்னு ரொம்ப நாளா செய்யிற வேலை இது. கேவலமா நினைக்காதீங்க. டூர் டி ஃபிரான்ஸ் சைக்கிள் ரேஸ்ல மலை உச்சிக்கு வேர்க்க விறுவிறுக்க ஏறி வர்ற வீரர்களும், இறங்கறதுக்கு முன்னாடி ரோட்டோரம் நிக்கிறவங்ககிட்ட நியூஸ்பேப்பரை வாங்கி ஜெர்சிக்குள்ள செருகிக்கிட்டுத்தான் பாய்வாங்க. காலேஜ் வந்ததும் எடுத்து ஸ்போர்ட்ஸ் பக்கம் படிச்சுக்கலாம். காலேஜ் பேக்கை முதுகுக்குப் பதிலா நெஞ்சுல மாட்டிக்கிட்டு ஓட்டுற ஐடியாவும் நல்லதுதான். ஆனா பேக் குண்டா இருந்தா யு-டர்ன்ல ஹேண்டில்பார் அதுல இடிக்கும். நின்ன இடத்துலயே ரெண்டு பக்கமும் ஒடிச்சுப் பார்த்துட்டுக் கிளம்புங்க.

ஊர்ல நம்ம மாசிலாமணீஸ்வரர் மார்கழியிலயும் மேல சந்தனக்காப்போடதான் இருக்காரு. தொண்டைமான் மன்னன் முல்லைக்கொடியை வெட்டினப்போ வாள் பட்ட காயத்துக்குக் குளிர்ச்சியாம். சித்திரையில ஒரு தடவைதான் காப்பைக் களையிறாங்க. அவருக்கு அது சரி. நமக்குக் குளிர்ச்சி போதும்.

கைதான் மேட்டர்

உடம்பு நடுங்கினா சமாளிக்கலாம். விரல் மரத்துப் போச்சுன்னா ஆபத்து. காத்து முதல்ல அடிக்கிறதே ஹேண்டில்பாரைப் பிடிச்சிருக்கிற முட்டி மேலதான். குளிர்ல உடம்பு முக்கியமான பாகங்களைக் காப்பாத்த, கை கால் விரலுக்குப் போற ரத்தத்தைக் குறைச்சுடும். விளைவு, விரல் மடங்க யோசிக்கும். 60 கிலோமீட்டர் ஸ்பீடுல நீங்க ஒரு விநாடியில கிட்டத்தட்ட 17 மீட்டர் தாண்டுறீங்க. பிரேக் பிடிக்க அரை விநாடி லேட் ஆச்சுன்னா எட்டு மீட்டர் காலி. ஷேர் ஆட்டோ முன்னால திடீர்னு ஓரங்கட்டுற ரோட்ல எட்டு மீட்டர்ங்கிறது உங்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவுல இருக்கிற தூரம். அதனால ஒரு பிரியாணிக் காசை கிளவுஸுக்கு ஒதுக்குங்க. விரல் நுனி வரை மூடுற மாதிரி, ரொம்ப டைட் இல்லாம. டைட்டா இருந்தா ரத்த ஓட்டம் இன்னும் குறைஞ்சு எதுக்கு வாங்கினோமோ அதுவே நடக்காது. கடையிலேயே போட்டுக்கிட்டு பிரேக், கிளட்ச், இண்டிகேட்டர் சுவிட்ச் மூணையும் தொட்டுப் பாருங்க. சிக்னல்ல நிக்கும்போது கையைக் கட்டி அக்குள்ல செருகிக்கிட்டா சட்டுனு சூடேறும். பக்கத்துல ஸ்கூட்டியில நிக்கிற பொண்ணு சிரிச்சா சிரிக்கட்டும்.

கழுத்துக்கு மஃப்ளர், துப்பட்டா கட்டுறவங்க கவனம். முனை பறக்கக் கூடாது. பின்வீல்லயோ செயின்லயோ சிக்கினா கழுத்தை இழுத்துடும். ரெண்டு முனையையும் ஜாக்கெட்டுக்குள்ள செருகி ஜிப் போட்டுடுங்க. துப்பட்டாவை முகத்தைச் சுத்திக் கட்டி, அதுக்கு மேல ஹெல்மெட் போடுற தோழிகள், ஒரு தடவை ஹெல்மெட்டை ஆட்டிப் பாருங்க. துணியில வழுக்கினா அது தலையில இருக்குன்னு அர்த்தம் இல்ல. மங்கி குல்லாவும் அதே கேஸ். கம்பளி மடிப்பு ஹெல்மெட்டை மேலே தூக்கிவிட்டுடும். மெல்லிசா, தலையோட ஒட்டின பாலகிளாவா பெட்டர். தாத்தா மாதிரி காதுல பஞ்சு வேண்டாம். பின்னாடி வர்ற லாரி ஹாரன் கேக்கணும் இல்லையா.

நனைஞ்சா கதை கந்தல்

நிஜமான குளிர் நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழையிலதான். டிகிரி 24, 25-ன்னு இருக்கும், ஆனா நனைஞ்ச சட்டையோட ஓட்டினா தைப் பனியே தேவலைன்னு ஆயிடும். காரணம் சிம்பிள் ஃபிசிக்ஸ். ஒரு கிராம் தண்ணி ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேணும். சட்டை குடிச்ச 100 கிராம் தண்ணி காயணும்னா 58,000 கலோரி. சாப்பாட்டுக் கணக்குல ஒரு இட்லி. அதுல ஒரு நல்ல பங்கை உங்க உடம்புதான் கட்டுது! அதனால ரெயின்கோட்டுல கஞ்சத்தனம் காட்டாதீங்க. பேன்ட், சட்டைன்னு ரெண்டு பீஸா வாங்குங்க. போர்வை மாதிரி போத்திக்கிற டைப், காத்துல பலூன் ஆகி வீல் பக்கம் போகும். பேக்ல ஒரு செட் டிரஸ், ரெண்டு ஜோடி சாக்ஸ், ரெக்கார்டு நோட்டு மூணையும் தனித்தனி பிளாஸ்டிக் கவர்ல கட்டி வெச்சிட்டா முடிஞ்சது. ஷூவுக்குள்ள, சாக்ஸுக்கு மேல ஒரு கவர் மாட்டிக்கிட்டா கால் நனையாது. ஆனா 2023 டிசம்பர் மிக்ஜாம் மாதிரி வந்தா எந்த ரெயின்கோட்டும் உதவாது. வீட்ல இருங்க. தண்ணி நிக்கிற ரோட்ல பள்ளம் எது, மூடி இல்லாத மேன்ஹோல் எதுன்னு யாருக்கும் தெரியாது.

சைக்கிள் பார்ட்டிகளுக்கு பிரச்னையே வேற. பிளஸ் ஒன்ல கவர்மென்ட் கொடுத்த சைக்கிளை இன்னும் மிதிக்கிறவங்க நிறைய பேர் இருக்கீங்க. அதுவும் 1950-கள்ல இருந்தே ஹெர்குலிஸ் சைக்கிள் செஞ்ச அம்பத்தூர் ஏரியாவாச்சே நம்மது. பைக்காரன் மாதிரி மூணு அடுக்கு மாட்டிக்கிட்டு மிதிச்சீங்கன்னா பத்து நிமிஷத்துல உள்ளே வேர்வைக் குளியல். அது காயும்போது நடுக்கம். கிளம்பும்போது லேசா குளிரணும், அதான் சரியான அளவு. ஃபின்லாந்துல ஔலுன்னு ஒரு ஊர். மைனஸ் டிகிரி பனியில ஸ்கூல் பிள்ளைங்க சைக்கிள்ல போறாங்க. குளிர்காலத்துல சைக்கிள் ஓட்டுறதைப் பத்தி முதல் உலக மாநாடே 2013-ல அங்கேதான் நடந்துச்சு. அவங்களுக்கு ரகசியம்னு ஒண்ணும் இல்ல. சைக்கிள் பாதையில பனியை அள்ளிடுறாங்க. நமக்குப் பாதையே இல்லைங்கிறது தனிக் கதை.

பனிமூட்டக் காலையில ஹைபீம் போட்டா வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோபீம் போதும். ஓரமாவே போனா சேஃப்னு நினைக்காதீங்க. லைட் இல்லாம ஓரங்கட்டி நிக்கிற கன்டெய்னர் லாரி அங்கேதான் இருக்கும். ரோடு கொஞ்சம் கதகதப்பா இருக்குன்னு நடுவுல வந்து படுக்கிற மாடுங்களும் உண்டு. கண்ணுக்குத் தெரியிற தூரத்துக்குள்ள நிறுத்த முடியிற ஸ்பீடுதான் அன்னிக்கு லிமிட். போகி அன்னிக்கு இது டபுள். பனியோட டயர் புகையும் கலந்துடும். 2018 போகியில மீனம்பாக்கத்துல விமானமே இறங்க முடியாம தவிச்சுது, நம்ம ஸ்பிளெண்டர் எம்மாத்திரம்? வீசிங் இருக்கிறவங்க அன்னிக்கு ஒருநாள் திருமுல்லைவாயில் ஸ்டேஷன்ல வண்டியைப் போட்டுட்டு மின்சார ரயில் ஏறிடுங்க.

வைசர் உள்ளே மூச்சுப் பட்டு மூடிக்கிச்சுன்னா, முந்தின நாள் ராத்திரியே பாத்திரம் கழுவுற சோப்பை ஒரு சொட்டு தடவி, மெல்லிய துணியால தேய்ச்சு விட்டுடுங்க. ஒரு நாள் தாங்கும். விடியக்காலையில கறுப்பு வைசர் ஸ்டைலா இருக்கலாம், ரோடு தெரியாது. வண்டி கிளம்ப அடம்பிடிச்சா செல்ஃபையே அழுத்திக்கிட்டு பேட்டரியைக் கொல்லாதீங்க, கிக்கர் இருந்தா உதைங்க. 2020-க்கு அப்புறம் வந்த பி.எஸ்.6 வண்டிங்கள்ல பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்ஷன்தான், சோக் இழுக்கிற வேலை இல்ல. அப்பாவோட பழைய வண்டின்னா சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணி, ஒரு நிமிஷம் கழிச்சு மறக்காம உள்ளே தள்ளிடுங்க. இல்லேன்னா பாடி போறதுக்குள்ள பெட்ரோல் முள் கீழே இறங்கி, பாக்கெட் மணியில பாதியை பங்க்ல கொட்டிட்டு நிப்பீங்க.