பொங்கல் வாரத்து வானிலையும் சம்பா அறுவடையும்

காவேரி டெல்டாவில் ஆகஸ்டு மாதத்திலும் அதையொட்டியும் விதைத்த நீண்ட வயதுச் சம்பா நெல், மார்கழிக் கடைசியிலும் தை மாதத்திலும் அறுவடைக்கு வருகின்றது. போகி முதல் காணும் பொங்கல் வரையிலான நான்கு நாட்களும் இந்த அறுவடையின் நடுவே வந்து சேருகின்றன. புதுநெல்லைக் குத்திப் பொங்கலிட வேண்டுமென்ற ஆவல் ஒருபுறம். பண்டிகையில் ஆளும் கிடையாது, அறுவடை இயந்திரமும் கிடையாது, அதற்கு முன்பே அறுத்துவிட வேண்டுமென்ற அவசரம் மறுபுறம். இவ்விரண்டினாலும் உந்தப்பட்டு, அவ்வாரத்தில் வானம் எவ்விதம் இருக்குமென்பதை விசாரியாமலே பலர் அரிவாளை வைத்துவிடுகின்றனர்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்று வானிலை இலாகா வகுத்திருக்கின்றது. அது கணக்குக்காக வகுத்த எல்லையேயன்றி, மழை அதற்குக் கட்டுப்பட்டதன்று. 2021-ம் ஆண்டில் பருவமழை தமிழகத்தை விட்டு விலகியது ஜனவரி 19-ந் தேதிதான். அவ்வாண்டு பொங்கலையொட்டிப் பெய்த மழையில் முற்றிய சம்பாக் கதிர்கள் வயலிலேயே சாய்ந்து முளைத்ததை டெல்டாக் குடியானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023-ம் ஆண்டிலோ, பிப்ரவரி முதல் வாரத்தில், வங்கக் கடலில் உண்டான காற்றழுத்தத் தாழ்வு மண்டலமொன்று இலங்கையைக் கடக்கையில் டெல்டா முழுவதும் மழை கொட்டியது. தை பிறக்கும் நாளைப் பஞ்சாங்கம் தவறாமல் கூறும். மழை நிற்கும் நாளைக் கூற அதனால் ஆகாது.

இவ்வாறு நேருவதன் காரணம் யாதெனில், தை மாதத்தில் நமது பிரதேசத்தின் மேல் சாதாரணமாக வடக்கிலிருந்து வரும் வறண்ட வாடைக் காற்றே வீசுகின்றது. அப்பொழுது வானம் தெளிந்திருக்கும். இரவில் பூமியின் வெப்பம் தடையின்றி மேலே சென்றுவிடுமாதலால் விடியற்காலையில் குளிர் மிகுந்து, பனி கொட்டும். ஆனால் கிழக்கேயிருந்து மேற்கு நோக்கி அலை அலையாக நகரும் காற்றோட்டங்கள் சிற்சில சமயம் தென்கிழக்கு வங்கக் கடலையும் இலங்கையையும் தாண்டி வருவதுண்டு. அவை வருகையில் வாடை தணிந்து, கடல் ஈரத்தைச் சுமந்த கொண்டல் காற்று வலுக்கின்றது. கரையோரத் தாலுக்காக்களில் ஓரிரு நாள், சில வேளை மூன்று நாள் மழை பெய்து ஓய்கின்றது. ஐப்பசி மழையைப் போல் இது வாரக்கணக்கில் நீடிப்பது அபூர்வம். பொறுத்திருந்து அறுப்பவனுக்கு இதில்தான் அனுகூலம் இருக்கின்றது.

வயலுக்குச் செல்லும் விவசாயி கவனிக்க வேண்டிய அடையாளம் ஒன்றுண்டு. தொடர்ந்து பனி பெய்துவந்த நாட்களில், ஒரு விடியற்காலை புல்லின் மேல் பனியே காணாமல், இரவும் கதகதப்பாக இருந்திருந்தால், இரவில் மேகம் மூடியிருந்தது அல்லது காற்று ஓயவில்லை என்று பொருள். கூடவே கிழக்குத் திக்கில் மேகம் திரண்டிருந்தால் அன்றைய அறுவடையைத் தொடங்குமுன் வானிலை அறிக்கையைக் கேட்பது உத்தமம். அடையாளத்தை மட்டும் நம்பித் தீர்மானிப்பது தகாது.

அறிக்கையிலுள்ள சொற்களைச் சரிவர அறிந்துகொள்ளாமையால் சிலர் வீணாக அஞ்சுகின்றனர். சிலர் அசட்டையாக இருந்துவிடுகின்றனர். “ஓரிரு இடங்களில்” என்றால் அப்பிரதேசத்தின் நூற்றுக்கு 25 பங்கு அல்லது அதற்கும் குறைந்த இடங்களில் என்று பொருள். “லேசான மழை” என்பது ஒன்றரை செண்டிமீட்டர் வரையிலும், “மிதமான மழை” என்பது சுமார் ஆறரை செண்டிமீட்டர் வரையிலும் ஆகும். “கனமழை” என்பது 7 முதல் 11 செண்டிமீட்டர். வெயிற்காலத்தில் மிதமான மழையைப் பொருட்படுத்துவோர் இல்லை. ஆனால் அறுத்துப் போட்ட அரிகளின் மேல் ஐந்து செண்டிமீட்டர் பெய்தாலே போதும், கதிர்கள் சேற்றில் படிந்துவிடும். ஆகையால் அறுவடை வாரத்தில் “மிதமான” என்னும் சொல்லையே அபாய அறிவிப்பாகக் கொள்ள வேண்டும்.

2021-ம் ஆண்டில் நான் சுற்றிவந்த கிராமமொன்றில் ஒரே வாய்க்காலில் பாசனம் பெறும் இரண்டு வயல்களைக் கண்டேன். இரண்டும் ஒரே ரகம். ஒரே வாரத்தில் நட்டவை. ஒருவர் போகிக்கு முந்தின நாள் அறுத்து, அரிகளைக் கட்டாமல் வயலிலேயே விட்டார். மறுநாள் மழை பிடித்தது. கட்டுக் கட்ட ஆள் வரவில்லை. மூன்றாம் நாள் நாங்கள் அரியைப் புரட்டியபோது நெல்லின் நுனியில் வெள்ளை முளை நீண்டிருந்தது. அடுத்த வயல்காரருக்கு ஆள் கிடைக்காமையால் பயிர் நின்றபடியே இருந்தது. அதிலும் ஒரு மூலை சாய்ந்து கெட்டதென்னவோ உண்மை. ஆயினும் நிமிர்ந்து நின்ற பகுதியில் மழைநீர் கதிரில் தங்காமல் வழிந்துவிட, காற்றும் வெயிலும் பட்டு இரண்டு நாளில் உலர்ந்தது. அவருடைய சாமர்த்தியம் அதில் ஒன்றுமில்லை என்று அவரே சிரித்துக்கொண்டு கூறினார்.

ஆகவே, மழை வருமென்று அறிக்கை இருக்குமாயின், நிமிர்ந்து நிற்கும் பயிரை மூன்று நான்கு நாள் விட்டுவைப்பதே மேல். மிகவும் முற்றிவிட்டால் மணி உதிரும் என்பது மெய்யே. அந்த நஷ்டம் முளைத்த நெல்லின் நஷ்டத்துக்கு ஈடாகாது. முன்னமே சாய்ந்து கிடக்கும் பயிரின் விஷயம் வேறு. அதை, மழைக்கு முன் அறுத்து, அடித்து, வீடு சேர்க்க முடியுமானால் மட்டும் உடனே அறுக்கலாம். அறுத்தது எதுவாயினும் அன்று மாலைக்குள் களமேற வேண்டும். சாய்ந்த கதிர்கள் தண்ணீரில் கிடந்து, அறுக்கவும் வழியில்லாவிடில், லிட்டருக்கு 50 கிராம் வீதம் சமையல் உப்பைக் கரைத்துக் கதிர்களின் மேல் தெளித்தால் முளைப்பது ஓரளவு தடைப்படும்.

பண்டிகைக்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, அறுவடையைக் காட்டிலும் வடிகால் வெட்டுவதேயாகும். நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை வயல்களில் நிலத்தின் சரிவு சொற்பம். கடலில் ஏற்றம் இருக்கும் வேளையில் வடிகால் ஆறுகளில் நீர் இறங்காது நிற்கும். வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் கேட்க வேண்டியதில்லை. மழை தொடங்கிய பிறகு மண்வெட்டியுடன் ஓடுவதற்குப் பொங்கலன்று யார் முன்வருவார்கள்?

அடித்த நெல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதம் நூற்றுக்கு 17-க்கு மேற்படலாகாது என்பது விதி. விடுமுறை நாட்களில் நெல் வாங்கப்படாமல் களத்திலேயே குவிந்து கிடக்கும். ஈர நெல்லைக் குவித்துத் தார்ப்பாயால் இறுக மூடிவிட்டால் உள்ளே சூடேறி அரிசி பழுக்கும். பகலில் பனி உலர்ந்தபின் திறந்து பரப்பிக் கிளறி, மாலையில் பனி இறங்குமுன் மூட வேண்டும். பயிர்க் காப்பீடு செய்தவர்களுக்கு, அவர்களுடைய காப்பீட்டில் அறுவடைக்குப் பிந்திய சேதமும் அடங்கியிருக்குமாயின், 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டிய கடமையுண்டு. பண்டிகை என்பதற்காக அந்தக் கெடு நிற்பதில்லை.

சம்பாத் தாளில் உளுந்து தெளிப்பவர்கள் இதே அறிக்கையை வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில் தெளிக்கப்படும் உளுந்து, மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் தைப் பனியையும் கொண்டே வளருவது. தெளித்த மறுநாள் வயலில் தண்ணீர் தேங்கினால் விதை அழுகிவிடும். ஆதலின் கொண்டல் காற்றும் மேகமும் தென்படும் நாட்களில் விதையைக் கோட்டையிலேயே வைத்திருந்து, மழை ஓய்ந்து நீர் வடிந்தபின், கால் வைத்தால் தடம் பதிந்து நீர் ஊறாத பதத்தில் தெளிக்கலாம். பிப்ரவரி இரண்டாம் வாரம் வரையிலும் அதற்கு அவகாசம் உண்டு.