லேப்டாப் ஏன் அண்ணாச்சி கத்துது?

திருத்தங்கல்காரர்கள் சத்தத்துக்குப் பயந்தவர்கள் இல்லை. 2021-லிருந்து ஊரே சிவகாசி மாநகராட்சிக்குள் ஐக்கியம்! பக்கத்தில் ஆட்டம் பாம் வெடித்தாலும் டீ கிளாஸ் ஆடாது. ஆனால், ராத்திரி காலண்டர் டிசைன் போட உட்காருகிற பையன், லேப்டாப்புக்குள் 'கொர்ர்ர்' என்றால் மட்டும் அரண்டு போகிறான். நியாயம்தான். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியாக வேண்டும். அதற்குள் லேப்டாப் மண்டையைப் போட்டால், முதலாளிக்கு யார் பதில் சொல்வது?

உடனே லேப்டாப்பின் முதுகில் ஒரு தட்டு தட்டுவது பழைய ரேடியோ வைத்தியம். வேண்டாம். ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய மாடல் என்றால், தட்டுகிற தட்டில் டிசைனே காலி!

உள்ளே நடப்பது இதுதான். பிராசஸர் சூடாகும். அந்தச் சூட்டை ஒரு செப்புக் குழாய் வாங்கிக்கொண்டு போய் மெல்லிய தகடுகளில் சேர்க்கும். அங்கே குட்டி ஃபேன் நிமிஷத்துக்குச் சில ஆயிரம் சுற்று சுற்றிச் சூட்டை வெளியே ஊதும். ஆக, சத்தம் என்பது ஃபேன் கொடுக்கிற புகார் மனு. என்ன புகார் என்று காதைக் கொடுத்துக் கேட்டால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி.

'உஸ்ஸ்ஸ்' என்று சீராக இரைந்தால் ஃபேன் ஓவர்டைம் பார்க்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள். பிராசஸரைத் தின்கிற புரோகிராம் எது என்று தெரியும். மெத்தையில் வைத்து வேலை பார்த்தால் காற்று வழி அடைபடும்; மேஜைக்கு மாற்றுங்கள். நம்ம ஊர் வெயிலில் ரூமே கொதிக்கிறபோது ஃபேன் மட்டும் எங்கே போய்க் குளிர்காற்றைக் கொண்டுவரும்?

வேலையே இல்லாதபோதும் இரைகிறதா? தூசு! அச்சகத்துக் கட்டிங் மெஷின் பக்கம் இருக்கிற லேப்டாப் என்றால் கேட்கவே வேண்டாம். பேப்பர் தூசும் நூல் பிசிறும் சேர்ந்து, தகடுகளுக்கு முன்னால் கம்பளி மாதிரி படிந்துவிடும். ஆஃப் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் சுத்தம் செய்ய வேண்டும். காற்று அடிக்கும்போது இறக்கை சுற்றாமல் பல் குத்தும் குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். கன்னாபின்னாவென்று சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்.

'டிக்... டிக்...' என்றால் ஒயரோ குப்பையோ இறக்கையில் உரசுகிறது. எடுத்துவிட்டால் தீர்ந்தது.

'கொர்ர்ர்' என்று அரைத்து, லேப்டாப்பைச் சாய்த்தால் சத்தம் மாறினால் பேரிங் தேய்மானம். "ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விடட்டுமா அண்ணாச்சி?" ஐயோ, வேண்டாம்! நாலு நாள் கப்சிப் என்றிருக்கும். அப்புறம் எண்ணெயில் தூசு ஒட்டி இன்னும் மோசமாகும். மாடல் நம்பர் சொல்லிப் புது ஃபேன் போடுவதே புத்திசாலித்தனம்.

சத்தம் தாங்கவில்லை என்று ஃபேன் ஒயரைப் பிடுங்குகிற வீரர்களும் உண்டு. 100 டிகிரியை நெருங்கும்போது பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் மெஷினே பட்டென்று அணையும். கத்துகிற ஃபேன் தேவலை. லேப்டாப் கொதிக்கும்போது மௌனமாக இருக்கிற ஃபேன்தான் ஆபத்து!

திறப்பதற்கு முன் ஒன்று. பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் நுழையுமுன், மண்ணோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்குவார்கள். அங்கே அது உயிர்ப் பிரச்னை. இங்கே சிப் பிரச்னை. நீங்களும் எர்த் உள்ள உலோகம் எதையாவது தொட்டுவிட்டு மூடியைத் திறங்கள். பாலியெஸ்டர் சட்டை வேண்டாம், பருத்தி நல்லது.

எல்லாவற்றுக்கும் முன்னால், டிசைனை ஒரு பென் டிரைவில் காப்பி எடுங்கள். ஸ்க்ரூ டிரைவரை அப்புறம் எடுக்கலாம்.