கவிழ்ந்த பஸ்சில் இருந்தது எத்தனை பேர்? கணக்கு தப்பினால் உயிர் போகும்! ஏற்காடு மலைப்பாதை சொல்லும் பாடம்

சேலம்:

மலைப்பாதையில் பஸ் கவிழ்ந்தது என்றால் ஊரே கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை பேர் செத்தாங்க?" என்பதுதான். ஆனால் மீட்பு வேலைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது வேறு கேள்வி. "பஸ்சுக்குள்ளே மொத்தம் எத்தனை பேர் இருந்தாங்க?"

இதற்குச் சரியான பதில் கிடைக்காவிட்டால், ஆம்புலன்ஸ் எல்லாம் போன பிறகும் பள்ளத்துப் புதரில் ஒருவர் உயிரோடு கிடக்கக்கூடும். அவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. இது பயமுறுத்தச் சொல்வது இல்லை. வெளிநாட்டில் உண்மையாகவே நடந்திருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

2024 ஏப்ரல் 30

சேலம் மாவட்டத்துக்காரர்கள் இந்த நாளை மறந்திருக்க மாட்டார்கள். ஏற்காட்டில் இருந்து சேலம் நோக்கி இறங்கிய தனியார் பஸ், மாலை நேரத்தில் கொண்டை ஊசி வளைவுப் பகுதியில் ரோட்டை விட்டு விலகிப் பள்ளத்தில் கவிழ்ந்தது. 40-க்கும் மேற்பட்டவர்கள் காயம் அடைந்தனர். முதலில் 4 பேர் பலி என்று செய்தி வந்தது. பிறகு அந்த எண்ணிக்கை கூடியது. காயம் அடைந்தவர்களைச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தனர்.

இப்படி ஒரு விபத்தில் செய்தி நேரத்துக்கு நேரம் மாறுவது சகஜம்தான். ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தால் பலி எண்ணிக்கை கூடும். அதில் தவறு இல்லை. ஆனால் மாறக்கூடாத எண் ஒன்று இருக்கிறது. பஸ்சில் இருந்த மொத்தப் பேர் எண்ணிக்கைதான் அது. அந்த எண்ணோடு மற்ற எல்லாக் கணக்கும் நேர் ஆக வேண்டும்.

மலையில் ஏன் கஷ்டம்?

சேலம் அடிவாரத்தில் இருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். மேலே போகப் போக காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரம், கீழே அடர்ந்த புதர். சமவெளி ரோட்டில் வண்டி கவிழ்ந்தால் விழுந்தவர்கள் கண் எதிரே கிடப்பார்கள். மலையில் அப்படி இல்லை.

வண்டி உருளும்போது ஜன்னல் வழியாக ஆட்கள் வெளியே தூக்கி எறியப்படுவார்கள். ஒருவர் மேலே மரத்தடியில் விழுவார். இன்னொருவர் கீழே 30 அடி தள்ளிப் புதருக்குள் போய்விடுவார். வண்டி எங்கே நின்றதோ அங்கே மட்டும் தேடினால் இவர்கள் கண்ணில் பட மாட்டார்கள். இருட்டும் மூடுபனியும் சேர்ந்துவிட்டால் நாலு அடி தள்ளிக் கிடப்பவரே தெரிய மாட்டார்.

மயக்கத்தில் இருப்பவர் சத்தம் போட மாட்டார். கத்துகிறவரைத் தேடி எல்லோரும் ஓடுவார்கள். சத்தம் வராத பக்கம் யாரும் போவதில்லை. ஆபத்தே அங்கேதான்.

கணக்கு எங்கே தப்புகிறது?

"கண்டக்டரிடம் டிக்கெட் கணக்கு இருக்குமே, அதைப் பார்த்தால் போச்சு" என்று நினைக்கலாம். அது நல்ல தொடக்கம்தான். ஆனால் அது மட்டும் போதாது.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மெஷினில் 48 டிக்கெட் காட்டுகிறது. அதில் வழியிலேயே இறங்கியவர்கள் 5 பேர். மிச்சம் 43. கடைசி ஸ்டாப்பில் ஏறி இன்னும் டிக்கெட் வாங்காதவர்கள் 3 பேர். மடியில் இருந்த கைக்குழந்தைகள் 2. டிரைவர், கண்டக்டர் 2 பேர். ஆக வண்டியில் இருந்தது 50 பேர். மெஷினை மட்டும் நம்பினால் 48 பேரைக் கண்டுபிடித்ததும் "எல்லோரும் வந்தாச்சு" என்று தேடலை முடித்துவிடுவார்கள். மிச்சம் 2 பேர்?

இதோடு முடியவில்லை. பஸ் மோதிய பைக்கில் வந்தவர், ரோட்டோரம் நடந்து போனவர், வளைவில் கடை போட்டிருந்தவர்... இவர்கள் எந்த டிக்கெட்டிலும் வர மாட்டார்கள்.

2025 ஜூன் 12 ஆமதாபாத் விமான விபத்தை நினைத்துப் பாருங்கள். விமானத்தில் இருந்தது 242 பேர். பெயர்ப் பட்டியல் கையில் இருந்தது. அதில் 241 பேர் பலி, ஒருவர் மட்டும் உயிர் தப்பினார். ஆனால் மொத்தப் பலி 260. விமானம் விழுந்த இடத்தில் தரையில் இருந்தவர்கள் 19 பேர் உயிர் இழந்ததே காரணம். அந்த 19 பேர் எந்தப் பயணிகள் பட்டியலிலும் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

பிணங்களுக்கு நடுவே உயிரோடு மகன்!

2023 ஜூன் 2-ந்தேதி ஒடிசா மாநிலம் பாலசோர் அருகே பகாநாகா பஜாரில் சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்தில் சிக்கியது. தமிழ்நாடே பதறிப்போனது. முதலில் 288 பேர் பலி என்றனர். மறுநாள், சில உடல்களை இரண்டு முறை எண்ணிவிட்டோம், 275 பேர்தான் என்றனர். இரண்டு நாள் கழித்து மீண்டும் 288 என்றனர். ரிசர்வேஷன் செய்தவர்களுக்குப் பட்டியல் உண்டு. பொதுப் பெட்டியில் ஏறியவர்களுக்கு எந்தப் பட்டியலும் இல்லை.

அந்த விபத்தில் இன்னொரு சம்பவம் கல் நெஞ்சையும் கரைத்துவிடும். மகன் இறந்திருக்க மாட்டான் என்று நம்பி, மேற்கு வங்காளத்தில் இருந்து ஒரு தகப்பன் ஆம்புலன்சோடு புறப்பட்டு வந்தார். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடினார். கிடைக்கவில்லை. கடைசியில் உடல்களை வைத்திருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனார். அங்கே பிணங்களுக்கு நடுவே ஒரு கை அசைந்தது. அது அவர் மகன் கை! உயிரோடு மீட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்.

தகப்பன் வந்ததால் அந்த மகன் பிழைத்தான். தேடி வர ஆள் இல்லாதவனுக்கு யார் வருவது?

2013 ஜூலை 6-ந்தேதி அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ விமான விபத்திலும் இதே மாதிரி ஒரு கோளாறு. விமானத்துக்கு வெளியே ஒரு மாணவி கிடந்தார். பார்த்த தீயணைப்பு வீரர்கள் இறந்துவிட்டார் என்று நினைத்து அடுத்த வேலைக்குப் போய்விட்டனர். யாரும் நாடி பிடித்துப் பார்க்கவில்லை, அடையாளமும் வைக்கவில்லை. தீயை அணைக்க அடித்த நுரையில் அவர் மறைந்துபோக, மீட்பு வண்டிகளே அவர் மேல் ஏறின.

இதனால்தான் பெரிய விபத்துகளில் ஒவ்வொருவர் கையிலும் கலர் அட்டை கட்டுகிறார்கள். சிவப்பு என்றால் உடனே தூக்க வேண்டியவர். மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம். பச்சை என்றால் நடக்க முடிகிறவர். கருப்பு என்றால் உயிர் இல்லை. கருப்பு அட்டை கட்டும் முன் மூச்சைப் பார்த்தே ஆக வேண்டும். அட்டை கட்டியவர் கணக்கில் வந்துவிட்டார் என்று அர்த்தம். அட்டை இல்லாமல் யாராவது கிடந்தால், அவரை இன்னும் யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும்.

போன் வந்தது... யாரும் போகவில்லை!

ஆரம்பத்தில் சொன்ன வெளிநாட்டுச் சம்பவம் இதுதான். 2015 ஜூலை 5-ந்தேதி. ஸ்காட்லாந்தில் ஸ்டெர்லிங் நகரம் அருகே ஒரு கார் ரோட்டை விட்டு இறங்கிச் சரிவில் போய் விழுந்தது. வழியில் போன ஒருவர் அதைப் பார்த்துப் போலீசுக்குப் போன் செய்துவிட்டார். போனை எடுத்தவர் விவரத்தைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யவில்லை. அதனால் யாரும் போகவில்லை.

3 நாள் கழித்துத்தான் காரைக் கண்டுபிடித்தனர். உள்ளே ஆண் இறந்து கிடந்தார். பெண்ணுக்கு உயிர் இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தும் சில நாளில் அவரும் இறந்தார். இந்த வழக்கில் ஸ்காட்லாந்து போலீசுக்கு 2021-ம் ஆண்டு 1 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

விழுந்தவர் இருந்தார், பார்த்தவர் இருந்தார், போனும் வந்தது. ஒரு வரி எழுதாமல் விட்டதால் 3 நாள் போச்சு. ஏற்காடு வளைவில் நள்ளிரவில் தனியாக வரும் பைக்கை நினைத்தால் பகீர் என்கிறது. அவர் விழுந்ததைப் பார்க்கக்கூட ஆள் இருக்காதே!

கணக்கை எப்படி நேர் செய்வது?

மூன்று கணக்கு வேண்டும். வண்டியில் இருந்தவர்கள் எத்தனை பேர்? ஸ்பாட்டில் கிடைத்தவர்கள் எத்தனை பேர்? ஆஸ்பத்திரியிலும் பிணவறையிலும் பதிவானவர்கள், காயம் இல்லாமல் வீட்டுக்குப் போனவர்கள் சேர்த்து எத்தனை பேர்? மூன்றும் ஒன்றாக வந்தால்தான் தேடலை முடிக்கலாம். ஒன்று இடித்தாலும் டார்ச்சை அணைக்கக்கூடாது.

ஸ்பாட்டில் ஒருவர் நோட்டும் பேனாவுமாக நிற்க வேண்டும். அவர் யாரையும் தூக்கப் போகக்கூடாது. எந்த வண்டியில், யார், எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்று எழுதுவது மட்டுமே அவர் வேலை. "இந்த நேரத்தில் எழுதிக்கிட்டு நிக்கிறானே" என்று திட்டுவார்கள். திட்டினாலும் எழுத வேண்டும்.

ஏனென்றால் எல்லோரும் 108-ல் போவதில்லை. கார், வேன், தோட்டத்து ஜீப் என்று கிடைத்த வண்டியில் ஏற்றி அனுப்புவார்கள். சிலர் ஏற்காடு ஆஸ்பத்திரிக்கு, சிலர் சேலம் ஜி.எச்.சுக்கு, சிலர் தனியார் ஆஸ்பத்திரிக்கு. லேசான காயம் என்று சிலர் அடுத்த பஸ் ஏறி வீட்டுக்கே போய்விடுவார்கள். அவர்களைத் தேடி வீரர்கள் விடிய விடியப் பள்ளத்தில் இறங்க நேரிடும்.

தேடுவதிலும் முறை உண்டு. வண்டி ரோட்டை விட்ட இடத்தில் தொடங்கி, நின்ற இடத்தைத் தாண்டியும் தேட வேண்டும். செருப்பு, பை, செல்போன், பால் பாட்டில் கிடந்தால் அதற்கு உரியவர் யார் என்று கேட்க வேண்டும். இடையிடையே எல்லோரும் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்தி, வண்டி என்ஜினை அணைத்து, காது கொடுத்துக் கேட்க வேண்டும். முனகல் சத்தம் அப்போதுதான் காதில் விழும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* விபத்தைப் பார்த்தால் 108 அல்லது 112-க்கு உடனே போன் செய்யுங்கள். "வேற யாராவது பண்ணியிருப்பாங்க" என்று விடாதீர்கள்.

* எத்தனையாவது வளைவு, வண்டி ஏறியதா இறங்கியதா, எந்தப் பக்கம் விழுந்தது என்று சொல்லுங்கள். வளைவில் போர்டு இருந்தால் அந்த நம்பரே போதும்.

* உயிர் தப்பியவரா? பக்கத்து சீட்டில், முன் சீட்டில் யார் இருந்தார் என்று போலீசிடம் சொல்லுங்கள். "என் பக்கத்துல ஒரு பாட்டி இருந்தாங்க, அவங்க எங்கே?" என்ற ஒரு கேள்வி ஒரு உயிரைக் காப்பாற்றும்.

* காயம் இல்லை என்று சொல்லாமல் கிளம்பாதீர்கள். பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

* காயம் பட்டவரை உங்கள் வண்டியில் ஏற்றினால், எந்த ஆஸ்பத்திரி என்று அங்கே இருப்பவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

* வீட்டில் இருப்பவர்கள், வர வேண்டியவர் வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எந்த பஸ், எத்தனை மணி, என்ன கலர் சட்டை என்று போலீசுக்குச் சொல்லுங்கள். ஜி.எச்.சில் விபத்துப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பெயர் தெரியாதவராக அவர் அங்கே படுத்திருக்கலாம்.

கேஸ் வரும் என்று பயப்படாதீர்கள்

உதவினால் போலீஸ், கோர்ட்டு என்று அலையணுமே என்ற பயம் வேண்டாம். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. நல்ல எண்ணத்தோடு உதவுகிறவர் மீது வழக்குப் போட முடியாது. இஷ்டம் இல்லாவிட்டால் பெயர், முகவரி சொல்லத் தேவையில்லை.

பணம் இல்லையே என்றும் தயங்க வேண்டாம். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் உள்ள அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் இலவசம்.

மே மாதம் கோடை விழா என்றால் ஏற்காட்டுக்கு வண்டி மேல் வண்டியாக ஏறும். அது இல்லாவிட்டாலும் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், சந்தைக்கு இறங்குகிறவர்கள், படிக்கிற பிள்ளைகள் தினம் தினம் இந்த 20 வளைவையும் தாண்டுகிறார்கள். அடுத்த முறை பஸ் ஏறினால் ஒரு நிமிடம் திரும்பிப் பாருங்கள். பக்கத்தில் யார், பின்னால் யார் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒருநாள் "எல்லோரும் வந்தாச்சா?" என்று கேட்டால், "இல்லை, இன்னும் ஒருத்தர் இருக்காங்க" என்று சொல்ல நீங்கள் ஒருவராவது இருப்பீர்கள்.