உங்களுக்குத் தெரியுமா? மரத்துக்கு மேல் ஒரு மரத்தோல்!

● பைன் மரத்தைச் சுமார் அரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி, பிளைவுட் மேல் ஒட்டும் தகடுதான் பைன் வெனீர்.

● அதன் வெளிர் பட்டைகள் வசந்தத்தில் வேகமாக வளர்ந்தவை. அடர்ந்த கோடுகள் கோடையின் இறுதியில் மெல்ல வளர்ந்தவை.

● கட்டையைச் சுழலவிட்டு உரித்தால் அலையலையான கோலம் வரும். வளையங்களுக்குக் குறுக்காகச் சீவினால் நேர்கோடுகள் கிடைக்கும்.

● பலகையின் ஒரு பக்கம் மட்டும் வெனீர் ஒட்டினால் அது வளைந்துவிடலாம். அதனால் பின்புறமும் ஒட்டுவார்கள்.

● மரத்தோல் ஒட்டும் கலை புதிதல்ல. எகிப்தில் 1922-இல் கண்டெடுக்கப்பட்ட பண்டைய மன்னர் துட்டன்காமுனின் கல்லறைப் பொருட்களிலும் கருங்காலித் தகடுகள் உண்டு.

● வெளிச்சம் பட்டால் பைன் நாளடைவில் தேன் நிறமாகும். ஜன்னலோர மேஜையில் பூச்சாடியை அவ்வப்போது இடம் மாற்றுங்கள். இல்லாவிட்டால் அதன் தடம் தங்கிவிடும்!